எண் அதே, பில் கால்வாசி: லேண்ட்லைனை மாற்றிய குறிப்புகள்

எங்கள் வீட்டு லேண்ட்லைன் எண் ஒருவழியாகப் புது நிறுவனத்துக்கு மாறி முடிந்தது. எண் பழையதுதான். சுவரில் இருக்கும் சாக்கெட்டுகளும் கூடத்தில் இருக்கும் போனும் மாடியில் இருக்கும் கார்ட்லெஸ்ஸும் பழையவைதான். வெளியிலிருந்து வரும் தாமிரக் கம்பிக்குப் பதிலாகப் பேச்சு இப்போது வீட்டு இணையம் வழியாகப் போகிறது. கேட்க எளிதாக இருக்கிறது. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்வது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். இதே காரியத்தில் இறங்க நினைப்பவர்களுக்காக நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொகையாகச் சொன்னால் ஊருக்கு ஊர் பொருந்தாது. பழைய மாத பில்லை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் தொகை எல்லாம் அந்த அளவில்தான். அதில் லைன் வாடகை 62. அழைப்பவர் எண் காட்டுவது, கால் வெயிட்டிங், வாய்ஸ்மெயில் என்று தனித்தனியாகச் சேர்ந்தவை 11. வரியும் இதரக் கட்டணங்களும் 18. உண்மையில் பேசியதற்கான செலவு வெறும் 9. அதாவது மாதம் முழுக்க ரிசீவரைத் தொடாமல் இருந்தாலும் 91 கட்டியாக வேண்டும். வாய்ஸ்மெயில் என்று ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது.

லைனையே எடுத்துவிட்டால் என்ன என்ற பேச்சும் வந்தது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. வங்கியிலும் மருத்துவரிடமும் உறவினர்களிடமும் இருப்பது அந்த எண்தான், உள் அறைகளில் கைபேசிக்கு சிக்னலும் சரியாக வராது. ஆக எண் இருக்க வேண்டும், வாடகை குறைய வேண்டும்.

முதலில் பழைய நிறுவனத்தையே கூப்பிட்டு, மாறப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். உடனே 80-க்கு ஒரு திட்டம் வந்தது. ஓராண்டு கழிந்ததும் பழைய கட்டணத்துக்கே திரும்பும், இடையில் விலகினால் அபராதம். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஆனால் அந்த அழைப்பில் ஓர் உபயோகம் உண்டு. தற்போது ஏதாவது ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இல்லை என்றார்கள். அதைக் கேட்காமல் மேலே போகாதீர்கள்.

மாற்று வழிகள் மூன்று கண்ணில் பட்டன. சிம் கார்டு போட்ட மேசை போன் ஒன்று. இணையம் தரும் நிறுவனமே சேர்த்துத் தரும் போன் வசதி ஒன்று. சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டர் என்ற பெட்டியை நாமே வாங்கி, இணையவழிப் பேச்சுச் சேவை தரும் தனி நிறுவனத்தில் கணக்குத் தொடங்குவது மூன்றாவது. முதலாவது, சிக்னல் இல்லாத வீட்டுக்கு ஆகாது. இரண்டாவது சுலபம், ஆனால் அவர்கள் தரும் பெட்டி பூட்டப்பட்டது. இணையத்தை மாற்றினால் போனும் கூடவே போகும். மூன்றாவதைத் தேர்ந்தேன். மாத வாடகை 22, பேசுவதற்குத் தனி.

இணையம் எந்தக் கம்பியில் வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் இது. எங்களுக்கு ஃபைபர் தனியாக வருகிறது. உங்களுக்கு டிஎஸ்எல் என்றால், அதாவது போன் கம்பியிலேயே இணையமும் வந்தால், எண்ணை மாற்றிய மறுகணம் பழைய நிறுவனம் அந்த லைனையே மூடிவிடலாம். போனும் போய் இணையமும் போய், புதுப் போன் ஓடுவதற்கு இணையமே இல்லாமல் நிற்க வேண்டிவரும். டிஎஸ்எல்காரர்கள் முதலில் இணையத்தை வேறு கம்பிக்கு மாற்றுங்கள், அல்லது போன் எண் இல்லாத வெறும் டிஎஸ்எல்லாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

இணைய வேகம் போதுமா என்பது பலருக்கும் இருக்கும் சந்தேகம். வேகம் ஒரு பொருட்டே இல்லை. லேண்ட்லைன் தரத்தில் பேச உதவும் ஜி.711 என்ற ஒலிக்குறிமுறை நொடிக்கு 64 கிலோபிட். பேச்சைத் துண்டு துண்டாகச் சுமக்கும் பாக்கெட்டுகளின் மேலுறைகளையும் சேர்த்தால் ஒரு திசைக்கு ஏறத்தாழ 87 கிலோபிட், அவ்வளவுதான். பேச்சை இன்னும் சுருக்கி அனுப்பும் ஜி.729-க்கு அதில் பாதிகூட வேண்டாம். பார்க்க வேண்டியது தாமதமும் தடுமாற்றமும். புது நிறுவனத்தின் சேவையகத்துக்கு பிங் அடித்து, அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்ததில் சராசரி 28 மில்லிநொடி வந்தது, ஏற்ற இறக்கம் 3 அல்லது 4. ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சில் இடைவெளி தெரியாது என்பது பொதுவான அளவுகோல். ஆனால் மாடியில் யாராவது பெரிய கோப்பை மேலேற்றத் தொடங்கியதும் அதே பிங் 300-ஐத் தாண்டியது. ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, மொத்தப் பதிவேற்ற வேகத்தை உண்மையான வேகத்தின் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்திய பிறகு 40-க்குள் அடங்கியது. இதை அடாப்டர் வாங்குவதற்கு முன்பே செய்து பார்த்துவிடலாம், காசு செலவில்லை.

அடுத்து அடாப்டர். பெட்டியின் மேல் எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்று இரண்டு வகைத் துளைகளின் பெயர் இருக்கும். போனைச் செருகுவது எஃப்எக்ஸ்எஸ். அதுதான் டயல் டோன் கொடுக்கும், மணி அடிக்க வைக்கும். எஃப்எக்ஸ்ஓ என்பது வெளி லைனைச் செருகுவதற்கானது. விலை குறைவாக இருக்கிறதே என்று எஃப்எக்ஸ்ஓ மட்டும் உள்ளதை வாங்கிவிட்டால் போன் ஊமையாக இருக்கும். எஃப்எக்ஸ்எஸ் இரண்டு உள்ள, எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்படாத ஒன்றை வாங்கினேன். நம் கணக்கில் 140.

எண் மாற்ற விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். புது நிறுவனத்தில் ஒரு தற்காலிக எண் வாங்கி, மேசைமேல் ஒரே ஒரு போனை அடாப்டரில் செருகி, எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை பழைய லைன் பாட்டுக்குச் சுவரில் இருக்கட்டும். இந்த ஒரு முடிவுதான் என்னைக் காப்பாற்றியது. அடுத்து வந்த சிக்கல்கள் அத்தனையும் எங்கள் உண்மையான எண்ணில் வந்திருந்தால் வீட்டில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

பயனர் பெயர், கடவுச்சொல், சேவையக முகவரி மூன்றையும் அடாப்டரின் பக்கத்தில் இட்டதும் பச்சை விளக்கு எரிந்தது, டயல் டோன் வந்தது. முதல் அழைப்பில் நான் பேசுவது எதிர்முனைக்குக் கேட்டது, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. ஒருவழிப் பேச்சு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரூட்டரில் இருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு பாக்கெட்டுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்திவிடும் அது. அணைத்தேன், ரூட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டேன், இருவழியும் கேட்டது.

வங்கியின் தானியங்கிக் குரல் '1-ஐ அழுத்தவும்' என்றது. அழுத்தினால் அதற்கு எட்டவே இல்லை. பொத்தான் ஒலியைப் பேச்சோடு கலந்து அனுப்பாமல் தனிச் செய்தியாக அனுப்பும்படி, ஆர்எஃப்சி 2833 என்று எழுதியிருந்த தேர்வுக்கு மாற்றியதும் சரியானது. அழைப்பவர் எண் திரையில் வராததற்கும் அமைப்புதான் காரணம். பெல்கோர், எட்ஸி, டிடிஎம்எஃப் என்று நாட்டுக்கு நாடு முறை வேறு. ஒவ்வொன்றாக மாற்றி, கைபேசியிலிருந்து அழைத்துப் பார்த்தால் எது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

அதிக நேரத்தைத் தின்றது அடுத்த சிக்கல்தான். வெளியே அழைத்தால் எப்போதும் போகும். உள்ளே வரும் அழைப்போ அடாப்டரை இயக்கிய புதிதில் மட்டும் வரும். சிறிது நேரம் சும்மா விட்டு அழைத்தால் நேரே வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். நாம் ஒருமுறை வெளியே அழைத்துவிட்டால் மறுபடி கொஞ்ச நேரத்துக்கு உள்ளே வரும். இந்தக் கடைசி அடையாளத்தைக் கவனித்தபோதே விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். அதைவிட்டு, இணையத்தில் பலரும் சொல்வதைக் கேட்டு ரூட்டரில் 5060 என்ற போர்ட்டை, அதாவது இணைய அழைப்புகள் வழக்கமாக வரும் எண்ணிட்ட வாசலை, அடாப்டருக்குத் திறந்துவிட்டேன். அழைப்பு வரத் தொடங்கியது. அன்று நள்ளிரவுக்கு மேல் மணி அடித்தது. எடுத்தால் யாருமில்லை. திரையில் 100 என்று ஓர் எண். வைத்தால் மீண்டும், இந்த முறை 1000.

பேயும் இல்லை பிசாசும் இல்லை. திறந்து கிடக்கும் 5060 போர்ட்டைத் தேடி உலகெங்கும் தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பதில் சொல்லும் கருவி கிடைத்தால் அதன் கடவுச்சொல்லை ஊகித்து, நம் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்குக் கட்டண அழைப்புகள் போடுவதுதான் நோக்கம். போர்ட்டை உடனே மூடினேன். அடாப்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். நம் சேவையகத்திலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும் தேர்வு உள்ளே இருந்தது, அதைப் போட்டேன். புது நிறுவனத்தின் கணக்கில் வெளிநாட்டு அழைப்பையும் தானாகப் பணம் நிரப்புவதையும் நிறுத்தி வைத்தேன். முன்பணம் கட்டும் கணக்கு என்பதால் எவனாவது உள்ளே புகுந்தாலும் இருக்கும் மிச்சத்தோடு நஷ்டம் நின்றுவிடும்.

சரி, வரும் அழைப்பு ஏன் நின்றது? அடாப்டர் சேவையகத்திடம் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று 3600 நொடிக்கு ஒருமுறைதான் பதிவு செய்துகொண்டிருந்தது. ரூட்டரோ, போக்குவரத்து இல்லாத யுடிபி வழியை (அடாப்டரின் செய்திகள் போய்வரும் பாதையை) சில பத்து நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் மறந்துவிடும். மறந்த பிறகு வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு வாசல் இருக்காது. அந்த வழி மறந்துபோகாமல் இருக்க அவ்வப்போது ஒரு சிறு செய்தி அனுப்புவதற்கு அடாப்டரில் 'கீப் அலைவ்' என்று ஓர் இடம் உண்டு. அதில் 25 நொடி என்று போட்டேன், பதிவு நேரத்தை 300 ஆகக் குறைத்தேன். அதற்குப் பிறகு ஓர் அழைப்பும் தவறவில்லை. எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டிய தேவை இல்லை.

தற்காலிக எண் நாள் முழுக்க ஒழுங்காக ஓடத் தொடங்கியபின் விண்ணப்பம். இதில் இரண்டே விஷயம். ஒன்று, பழைய இணைப்பை நாமாக ரத்து செய்யவே கூடாது. ரத்தான எண்ணை யாராலும் மாற்ற முடியாது. அது பழைய நிறுவனத்தின் கையிருப்புக்குத் திரும்பிப் போய்விடும். எண் மாறும்போது இணைப்பு தானாக முடியும். இரண்டு, பெயரும் முகவரியும் கணக்கு எண்ணும் பழைய பில்லில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். எங்கள் விண்ணப்பம் முதலில் திரும்பி வந்தது. காரணம், பில்லில் கதவு எண்ணுக்கு நடுவே இருந்த சாய்கோடு விண்ணப்பத்தில் இல்லை. பில்லில் பிழை இருந்தாலும் அந்தப் பிழையோடுதான் எழுத வேண்டும். எண் மாற்றக் கட்டணம் 25. நிலப்பேசிக்கு எண் மாற்றும் வசதியே இல்லாத நாடுகளும் உண்டு. அங்கே இருப்பவர்கள் புது எண்ணுக்கு ஒப்புக்கொண்டால்தான் இந்த வழி.

மாறிய நாளில் ஒரு வேடிக்கை. சில நெட்வொர்க்கிலிருந்து வரும் அழைப்பு புது அடாப்டரில் மணி அடித்தது, வேறு சில நெட்வொர்க்கிலிருந்து வருவது பழைய லைனில் அடித்தது. எண் இடம் மாறிய தகவல் எல்லோருடைய பட்டியலிலும் ஏறும்வரை இப்படித்தான். பழைய போனைச் சுவரிலிருந்து கழற்றாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இனி வீட்டு வயரிங். அடாப்டரின் போன் துளையிலிருந்து ஒரு வயரை ஏதாவது ஒரு சுவர் சாக்கெட்டில் செருகினால், உள்ளே எல்லா சாக்கெட்டும் இணையாக இணைந்திருப்பதால் வீடு முழுக்க டயல் டோன் வந்துவிடும். ஆனால் அதற்கு முன் வெளியிலிருந்து வரும் ஜோடிக் கம்பியை வீட்டு வயரிங்கிலிருந்து பிரித்தாக வேண்டும். எண் மாறிவிட்டதே, லைன் செத்திருக்கும் என்று நம்பக் கூடாது. மல்டிமீட்டரை நேர்மின் அழுத்தத்தில் வைத்துத் தொட்டபோது 49.6 வோல்ட் காட்டியது. எக்ஸ்சேஞ்ச் இன்னும் மின்சாரம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அதன் மேல் அடாப்டரைச் செருகியிருந்தால் 140 கருகியிருக்கும். மணி அடிக்கும்போது அந்தக் கம்பியில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்னோட்டம் வரும், வெறும் விரலில் தொட்டால் நன்றாகவே சுருக்கென்று இருக்கும். வெளிப்புறப் பெட்டியில் இரண்டு திருகைத் தளர்த்தி ஜோடியைக் கழற்றி, முனைகளைத் தனித்தனியாக இன்சுலேஷன் டேப்பில் சுற்றி, 'இணைக்காதே' என்று சீட்டு ஒட்டினேன். நாளைக்கு வேறு யாராவது பெட்டியைத் திறந்து, கழன்று கிடக்கிறதே என்று மாட்டிவிடக் கூடாது. தேவைப்பட்டது மைனஸ் ஸ்க்ரூடிரைவர், டேப், மல்டிமீட்டர், ஆர்ஜே11 என்ற போன் பிளக் போட்ட வயர். வயருக்கும் டேப்புக்கும் சேர்த்து 15.

அடாப்டரைச் செருகியபின் சாக்கெட்டில் 46 வோல்ட், ரிசீவரை எடுத்தால் 7. சரியான அளவு. ஆனால் அழைத்துப் பார்த்தால் மணி சோகையாக அடித்தது. மாடி கார்ட்லெஸ் அடிக்கவே இல்லை. ஒவ்வொரு போனுக்கும் ஆர்ஈஎன் என்று ஓர் எண் அடியில் அச்சிட்டிருக்கும். மணி அடிக்க அது எவ்வளவு சுமை கொடுக்கிறது என்பதன் அளவு. எங்கள் அடாப்டர் 3 வரை தாங்கும். இரும்பு மணி வைத்த பழைய சுழல்டயல் போன் ஒன்றே 1.4. இன்னொரு மேசை போன் 1.0. கூடத்துப் போன் 0.8. கார்ட்லெஸ் 0.1. கூட்டினால் 3.3. எக்ஸ்சேஞ்ச் லைன் இதையெல்லாம் அலட்சியமாகச் சுமந்திருக்கிறது, சின்ன அடாப்டரால் முடியவில்லை. யாரும் தொடாத மேசை போனைக் கழற்றியதும் 2.3-க்கு வந்தது, எல்லாம் ஒழுங்காக அடிக்கின்றன.

மின்வெட்டு. தாமிர லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது, வீட்டில் விளக்கு அணைந்தாலும் போன் இருக்கும். இனி அது நம் பொறுப்பு. வாட்மீட்டரில் அளந்தேன்: ஃபைபர் பெட்டி 5 வாட், ரூட்டர் 8, அடாப்டர் 3. மொத்தம் 16. ரூட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ், 32 வாட்-மணி கொள்ளளவு உள்ளது, 90-க்கு வாங்கினேன். காகிதத்தில் இரண்டு மணி நேரம், சோதித்துப் பார்த்ததில் ஒன்றரை. கார்ட்லெஸ் போனின் அடித்தளத்துக்கும் தனி மின்சாரம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மின்வெட்டில் உதவப்போவது வயர் போன்தான். அவசர உதவி எண்ணை அழைத்தால் எந்த முகவரி அவர்களுக்குத் தெரியும் என்பதும் இனி நாம் பதிந்து வைத்ததைப் பொறுத்தது. புது நிறுவனத்தின் கணக்கில் வீட்டு முகவரியை நிரப்பி, அது ஏற்கப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அடாப்டரை வேறு வீட்டுக்கு எடுத்துப் போனாலும் அது பழைய முகவரியையே காட்டும். திருட்டு அலாரமோ ஃபேக்ஸோ போன் லைனில் மாட்டியிருப்பவர்கள் அவற்றைத் தனியாகச் சோதிக்காமல் மாற வேண்டாம்.

கணக்கு: அடாப்டர் 140, யுபிஎஸ் 90, எண் மாற்றம் 25, வயர் 15, இரண்டு சேவையும் சேர்ந்து ஓடிய மாதத்தின் கூடுதல் வாடகை 22. மொத்தம் 292. புது பில் வாடகை 22, பேச்சு 6, ஆக 28. மாதம் 72 மிச்சம். நாலு மாதத்துக்குச் சற்று மேலாகும்போது போட்ட பணம் திரும்பிவிடும். அடாப்டரின் 3 வாட் மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய நிறுவனம் முன்கூட்டியே வாங்கிய அரை மாத வாடகையைத் திருப்பித் தரவேண்டும், கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

இன்னொரு முறை செய்தால் 5 ஆர்ஈஎன் தாங்கும் அடாப்டரைத்தான் வாங்குவேன், விலை வித்தியாசம் பெரிதில்லை. விண்ணப்பத்தை பில்லிங் தேதி முடிய ஒரு வாரம் இருக்கும்போது போடுவேன், அரை மாத வாடகைக்கு அலைய வேண்டாம். அடாப்டரையும் யுபிஎஸ்ஸையும் ரூட்டர் பக்கத்தில் வைக்காமல், வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே வைத்து அங்கே ஒரு நெட்வொர்க் வயரை இழுப்பேன். இப்போது கூடத்துச் சுவரில் ஒரு வயர் தொங்குகிறது.

மிச்சமிருப்பது சுழல்டயல் போன். அதன் துடிப்பு முறை டயலிங் இந்த அடாப்டருக்குப் புரியவில்லை. துடிப்பைப் பொத்தான் ஒலியாக மாற்றித் தரும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன, நம் கணக்கில் 40. வாங்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வரும் அழைப்பை அதில் எடுத்துப் பேசலாம், வெளியே போடத்தான் முடியாது.